விசிலை ஏன் என்னிடம் தந்தீர்கள்?

என் அன்பு மார்லி அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் எட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தபோது நாங்கள் கதைத்ததெல்லாம் உடைந்த பிரெஞ்சில்தான். ஆனால் பயத்தைப் பிரெஞ்சில் எழுத எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். போகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே மேளக் குழுவை நடத்த ஊதுகிற கழுத்து விசிலைக் கழற்றி என் கையில் வைத்து, "இனிச் சாந்தி நடத்துவா" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் ஊர்ப் பிரேசில்காரர் ஒன்பது பேர் இருக்கிற குழுவில், யாழ்ப்பாணத்துக்காரியிடம் போய் யாராவது விசிலைக் கொடுப்பார்களா?

வரும் ஞாயிற்றுக்கிழமை ரெனான் நகரில் வசந்த ஊர்வலம். எங்கள் குழுவுக்கு இந்த முறையும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் இல்லாத முதல் ஊர்வலம். ஏற்கெனவே நாலு பேர் விலகிவிட்டார்கள். மிச்சப்பேரும் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறதென்று பார்த்துத்தான் இருப்பதா, போவதா என்று முடிவெடுப்பார்கள். நடுத்தெருவில் தாளம் குலைந்தால் குழு அன்றோடு சரி. நீங்கள் வளர்த்தது என் கையால் சாகப்போகிறதோ என்று பயமாக இருக்கிறது, அக்கா. இரண்டு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் இவர் வேறு. "உமக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? கோயிலுக்கு வாற சனம் என்ன கதைக்கும்?" என்கிறார். சனத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அதற்கும் பயம்.

உங்களுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியுமா? விருந்துக்கு இறகு கட்டிய பெண்கள் நாலு பேர் வந்து ஆடினால் போதும், மேளம் வேண்டாம் என்று ஒரு ஹோட்டல்காரர் சொன்னபோது, "இறகு வேணுமெண்டால் கோழிப்பண்ணைக்குப் போங்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் நீங்கள். உங்கள் ஊரில் கார்னிவல் திருவிழாவை நடத்துவது துணி தோய்க்கிறவர்களும் தைக்கிறவர்களும் பஸ் ஓட்டுகிறவர்களும்தான், அதை இந்த ஊர் பார்க்க வேண்டும் என்பீர்கள். அதற்காகத்தானே சனிக்கிழமைகளில் பள்ளி மண்டபத்தில் போறவர் வாறவர் எல்லாரையும் பிடித்துக் கையில் தடியைக் கொடுத்தீர்கள். "கை தட்டினாக் காணாது, அடியும்" என்று என் இடுப்பில் அந்தப் பெரிய மேளத்தைக் கட்டிவிட்டதும் அங்கேதான்.

போன சனிக்கிழமை ஒத்திகையில் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். எல்லா மேளமும் ஒரேயடியாக நின்று, எட்டு எண்ணும் வரை அமைதியாக இருந்து, மறுபடி ஒன்றாக இடிக்கிற இடம் இருக்கிறதே, அங்கே வந்தோம். கையை மூடி உயர்த்தினேன். நின்றார்கள். அந்த அமைதியில் நான் எட்டை எண்ண வேண்டும். சின்ன வயதில் சங்கீத வகுப்பில் பழகியபடி, உயர்த்திய கை தன்பாட்டில் ஆதி தாளத்தை எண்ணத் தொடங்கிவிட்டது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். எங்கள் குழுவில் ஒரு விரலென்றால் சின்ன மேளங்கள் மட்டும் அடிக்க வேண்டும், இரண்டென்றால் பெரியவை, மூன்றென்றால் எல்லாரும் திரும்பி நிற்க வேண்டும். அது எனக்கு நினைவிலேயே இல்லை. சின்ன மேளங்கள் தொடங்கின, பெரியவை அவற்றின் மேல் விழுந்தன, ஐந்து பேர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. ஒரு பெண் தன் மேளத்தைக் கழற்றி உறைக்குள் வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை அந்த நிறுத்தத்தை விட்டிடுவம்" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

கதவைத் திறந்தால், பெரிய மேளம் அடிக்கிற உங்கள் ஊர்க்காரர் தோனியோ தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறார்.

"இன்னும் வருமோ?" என்று கேட்டார்.

"நான் சத்தி எடுத்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மார்லிக்கும் ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் முதல் இப்பிடித்தான். பன்னிரண்டு வருசமா இந்தப் போத்தலோட கதவடியில நிண்டது நான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ."

அக்கா, ஏன் எனக்குச் சொல்லவில்லை? கணவர் விட்டுப் போனதைச் சொன்னீர்கள். புற்றுநோய் என்பதை மகனுக்குச் சொல்ல முதலே எனக்குச் சொன்னீர்கள். இதை மட்டும் எப்படி மறைத்தீர்கள்? எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அழுதேன்.

பயம் போகவில்லை. ஆனால் மண்டபத்துக்குத் திரும்பிப் போய், நிறுத்தம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மேளத்தை உறைக்குள் வைத்த பெண் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவாரோ தெரியாது.

நான் வருவேன். முதலில் கழிப்பறைக்குப் போவேன், தோனியோ கதவடியில் நிற்பார். பிறகு வாயைக் கழுவிக்கொண்டு தெருவுக்கு வந்து, எல்லாரையும் நிறுத்துவேன். மறுபடி எழுப்பியும் விடுவேன். இது சத்தியம், அக்கா.

உங்களைப் போலவே பயந்தாங்கொள்ளியான
உங்கள் தங்கச்சி,
சாந்தி