கொலைகாரன் இல்லாத கொலைநாடகம்

அடியே,

பால் பெட்டியில் கொலை வந்துவிட்டது. இன்று காலை தேத்தண்ணிக்குப் பால் ஊற்றப் பெட்டியை எடுத்தால், பின்பக்கத்தில் வழமையான ஈஸ்டர் துப்பறியும் படக்கதை. பனி மூடிய மலைக்குடிசை, நிலத்தில் ஒரு பிணம், சுற்றிவர முழிசிக்கொண்டு நிற்கும் சந்தேக நபர்கள். வருடாவருடம் இந்தப் பெட்டியை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, "பாத்தியே, பிணத்துக்கு இந்த முறையும் பேரில்லை" என்பாய். இந்த முறையும் இல்லைத்தான். குசினியில் தனியே நின்று சிரித்தேன். பிறகு அழுதேன். தேத்தண்ணி ஆறிப்போனது. சனிக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன். முடிவை ஒளித்துவைத்துக் கதை சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது என்று உனக்குத் தெரியும். வென்றுவிட்டோம்.

ஈஸ்டர் வந்தால் நோர்வேக்காரர் கொலைக்கதைப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு மலையுமில்லை, குடிசையுமில்லை. ஒஸ்லோவில் புருசெத் மண்டபம் இருக்கிறது. ஈஸ்டர் சனிக்கிழமை அங்கே ஒரு கொலைநாடகம், இடைவேளையில் கடிக்க ரோல்ஸ், முடிவில் கொலைகாரனைச் சரியாகச் சொன்ன பிள்ளைக்குச் சொக்லேட். ஊரோடு ஒத்து வாழ்வது என்றால் இதுதான். "அடுத்த முறை லண்டன் கொலைகளைப் போடுவம்" என்று நீ நாடகக் குழுக் கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில், கிழக்கு லண்டனில் ஐந்து பெண்களை ஒருவர்பின் ஒருவராகக் கொன்றுவிட்டு, பிடிபடாமலே மறைந்துபோனவனின் கதை. அதைக் கேள்விப்படாதவர் யார்? நாடகத்தை இயக்கும், லோறென்ஸ்கூக்கில் இருக்கும் பரஞ்சோதி அண்ணை அந்தக் கிழமையே உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் தேடத் தொடங்கிவிட்டார். உன் மனதில் இருந்தது வேறு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது லண்டனில் முளைத்தது. உன் அண்ணன் மகளின் கலியாணத்துக்குப் போன இடத்தில், கொலை நடந்த தெருக்களைக் காட்டும் பின்னேர நடைக்குச் சீட்டு எடுத்தது நான்தான். கூட்டிப்போன பெடியன் தொப்பியும் கோட்டுமாக, ரத்தம் படிந்த கத்தியின் படத்தைத் தூக்கிக்காட்டி, ஒவ்வொரு மூலையிலும் எது எப்படி வெட்டுப்பட்டுக் கிடந்தது என்று விளக்கினான். சனம் உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்றபடி படம் எடுத்தது. நீ கையை உயர்த்தி, அங்கே செத்த பிள்ளையின் தகப்பன் என்ன தொழில் செய்தவர் என்று கேட்டாய். பெடியன் தடுமாறிப்போனான். அவளுகள் எல்லாரும் வேசிகள், மேடம், தகப்பனைப் பற்றி இந்த நடையில் இல்லை என்றான். எல்லாரும் அப்படி என்பதற்குச் சாட்சி இருக்கிறதா என்று நீ திருப்பிக் கேட்டாய். எனக்கு மானம் போயிற்று. உன் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.  திரும்பி வரும் பஸ்ஸில் இருந்து சொன்னாய்: "கொலை செய்தவனுக்கு ஆயிரம் புத்தகம் போட்டாச்சு. செத்ததுகளுக்கு ஒரு அறிவித்தல்கூட இல்லையடி."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது வெறும் பேச்சு. நீ சனிக்கிழமைகளில் எங்கள் வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தவள். உன் குரல் வந்தால் ஒஸ்லோவில் தமிழ்ச்சனம் கரண்டியைக் கீழே வைத்துவிடும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார்; அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு தாயாரும் ஆவார். ஒரு மருமகனின் பெயரை விட்டுவிட்டால் இரண்டு குடும்பம் பத்து வருடம் முகம் பார்க்காது என்பதால், வாசிக்க முன்னர் வீட்டுக்காரருக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுப்பாய். ஒருவர் சொன்னால் போதாது, இரண்டாவது ஆளும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து பெண்களையும் நீ அதே மாதிரித்தான் தேடினாய்.

இரண்டு குளிர்காலம், கடற்கரை நூலகத்தில். உனக்குப் பாலர் பள்ளியில் வேலை முடிய, எனக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை முடிய, அங்கேதான் சந்திப்பு. பழைய லண்டன் பத்திரிகைகளை நான் கணினியில் வாசித்துச் சொல்ல, நீ எழுதுவாய். பத்திரிகைக்குப் பத்திரிகை கதை மாறும்; ஒன்றில் இருக்கும் புருஷன் மற்றதில் இருக்கமாட்டான். புதுசாக வந்த படங்களும் தொடர்களும் எல்லாம் பார்த்தோம். இராசகுடும்பத்தான் செய்தான், வைத்தியன் செய்தான், ஓவியன் செய்தான் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொருத்தனைப் பிடித்துக் கொடுத்தார்கள். நானும் ஒரு கட்டத்தில், கசாப்புக்காரன்தான் செய்திருக்க வேண்டும் என்று தொடங்கினேன். நீ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையில் வாயை மூடினேன். உன் ஆசை ஒன்றே ஒன்று. நாடகம் முடிந்து வெளியே போகும் சனம், ஆர் கொன்றது என்று கேட்காமல், செத்தது ஆர் என்று ஒருக்காலாவது கேட்க வேண்டும். அதற்காக ஐந்து பேருக்கும் ஐந்து அறிவித்தல் எழுதினாய். கொலைகாரனுக்கு ஒரு வரியும் இல்லை. எங்கள் அறிவித்தலில் அவனை வைக்க ஒரு இடமும் கிடையாதே.

எழுதி முடித்த கையோடு நோயில் படுத்தாய். ஆஸ்பத்திரியில் பேசவே களைத்த நேரத்திலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "அவனை மேடையிலை ஏத்தினியளெண்டால் நான் எழும்பி வருவன்." ஐப்பசி முடிய முன்னர் போய்விட்டாய். உன் அறிவித்தலை வானொலியில் வாசித்தது நான். பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும், ஒஸ்லோவை வதிவிடமாகவும் என்று தொடங்கி, உன் பெயர் வந்த இடத்தில் திரும்பவும் முதலில் இருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. அந்த வசனங்கள் ஏன் எல்லா வீட்டிலும் கரண்டியை வைக்கப்பண்ணும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தை மாதம் ஒத்திகை தொடங்கியது. பரஞ்சோதி அண்ணை கோட்டும் தொப்பியும் வாங்கி, வீட்டில் நடந்தும் பழகியிருந்தார். உன் எழுத்தை வாசித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். "தங்கச்சி, சொதியில்லாமல் இடியப்பம் தின்னச் சொல்லுறியள். சனம் வாறதே அவனைப் பாக்க." குழுவில் எல்லாரும் அவர் பக்கம். பாதி நேரம் பெண்களைக் காட்டுவோம், மீதியில் அவன் வரட்டும் என்று சமரசம் பேசினார்கள். எனக்கு வந்த கோபத்தில் மேசையில் இருந்த வடை தப்பியது பெரிய காரியம். நியாயம் எடுபடவில்லை என்று கண்டதும் உன்னைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். செத்தவளின் கடைசி ஆசை, விரும்பினால் மறுத்துப் பாருங்கள் என்றேன். எங்கள் ஆட்களில் யாருக்கு அந்தத் தைரியம் இருக்கிறது? உன் சாவை நன்றாகப் பயன்படுத்தினேன், கோபிக்காதே. நீயும் அதையேதான் செய்திருப்பாய். பரஞ்சோதி அண்ணைக்கு, ஐவரில் ஒருத்தியின் புருஷனாக, தச்சன் வேடம் கொடுத்தோம். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வாங்கினார். சனம் இடையில் எழும்பிப் போனால் பொறுப்பு நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லவைத்தார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. எட்டத்தில் இருக்கும் துரொண்ட்ஹெய்மில் இருந்துகூட உன் பெயருக்காக இரண்டு குடும்பம் வந்திருந்தது. விளக்கு அணைந்தது.  ஐவரில், வரிசைப்படி மூன்றாவதாகச் செத்த சுவீடன்காரியை நீ முதலாவதாக வைத்திருந்தாய், எங்களுக்குக் கிட்டின நாட்டுக்காரி என்று. திரைக்குப் பின்னால் நின்று, மைக்கைப் பிடித்து, உன் வேகத்தில், நீ நிறுத்தும் இடத்தில் நிறுத்தி வாசித்தேன்: "சுவீடனைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்டிருந்த..."

 கதிரைகள் அசையும் சத்தம். திரை இடுக்கால் பார்த்தால், சனம் எழும்பி நிற்கிறது! போகிறார்கள் என்று எனக்கு ஈரல் கருகிவிட்டது. ஒருவரும் போகவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தலையைக் குனிந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும். உண்மையான அறிவித்தல் என்று நினைத்துவிட்டார்கள், அடியே. சுவீடனில் பிறந்து லண்டனில் இருந்தவள் என்றால் எங்கள் சனத்துக்கு அது புலம்பெயர்ந்த தமிழ்ப்பிள்ளைதானே, வேறு யார்? ஆருக்குத்தான் அங்கே ஆளில்லை? நாடகம் தொடங்க முதல், இப்போதுதான் யாரோ செத்த செய்தி வந்திருக்கிறது, அகவணக்கம் செலுத்துகிறோம் என்று நின்றார்கள். ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம், எந்தப் பகுதி ஆட்கள் என்று விசாரிப்பது எனக்கே கேட்டது. பெயரை வாசித்தேன். வேதக்காரரின் கிறிஸ்தவப் பெயர்தானே, எங்கள் ஊரில் இல்லாத பெயரா, ஒருவரும் திடுக்கிடவில்லை. விவசாயத் தம்பதியின் அன்பு மகளும், காலஞ்சென்ற தச்சரின் அன்பு மனைவியும், லண்டனில் கணவரோடு கோப்பிக்கடை நடத்தியவரும் என்று வாசித்து, இறந்த ஆண்டுக்கு வந்தபோதுதான் நூறு வருடத்துக்கு மேல் ஆன சாவு என்று சனத்துக்கு விளங்கியது. சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சிரிக்கவில்லை. மெல்லக் கதிரையில் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அறிவித்தலுக்கும், தெரிந்துகொண்டே எழும்பினார்கள்.

ஐந்தாவது பெண்ணில்தான் நாங்கள் இருவரும் சண்டைபிடித்தோம், ஞாபகமா? அவள் தன்னைப் பற்றிச் சொன்ன எதற்கும் பதிவேட்டில் சாட்சி கிடைக்கவில்லை. ஒரு ஊரைப் போட்டுவிடுவோம் என்று நான் சொல்ல, "தெரியாததைத் தெரியாதெண்டுதான் வாசிக்கவேணும்" என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். அப்படியே வாசித்தேன். பிறந்த இடம் உறுதியாகத் தெரியவில்லை. பெற்றோர் விபரம் கிடைக்கவில்லை. அதற்குமேல் உன் எழுத்தில் ஒன்றும் இல்லை. எனக்கும் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அப்போது நடுவரிசையில் மட்டக்களப்பு அக்காவின் குரல் வந்தது. உனக்குத் தெரியும் அவவை. போர்க்காலத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் கூட்டிப்போன மூத்த மகனைப் பற்றி இன்றுவரை ஒரு பதிலும் கிடைக்காத தாய். கத்தவில்லை. வீட்டில் கதைப்பதுபோலச் சொன்னா: "தாய் தகப்பன் தெரியாட்டி என்ன மகள். எங்கட புள்ளயெண்டு வாசிங்க."

வாசித்தேன். ஒஸ்லோ வாழ் தமிழ் மக்களின் அன்புப் பிள்ளையும் ஆவார் என்று வாசித்தேன். உன் சட்டப்படி அது பிழை, இரண்டு சாட்சி வேண்டும் என்பாய். எனக்கு ஒரு மண்டபம் நிறையச் சாட்சி நின்றது.

அன்று ரோல்ஸ் ஆறியபடி கிடந்தது. சனம் என்னைச் சுற்றிவிட்டது. தாய் செத்த பிள்ளைகளை ஆர் வளர்த்தது? சுவீடனில் வீட்டுக்காரருக்கு அறிவித்தார்களா? கோப்பிக்கடை ஏன் மூடப்பட்டது? சொக்லேட்டுக்கு வந்த சின்னதுகள்கூட சுவீடன்காரிக்கு எத்தனை சகோதரம் என்றுதான் கேட்டுதுகள். நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றேன், இப்போது கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று. ஆர் செய்தது என்று ஒரு குஞ்சும் கேட்கவில்லை. நீ இருந்திருக்க வேண்டுமடி. அது ஒன்றுதான் எனக்குக் குறை, அதை நான் ஒளிக்கமாட்டேன்.

வானொலியில் இப்போது சனிக்கிழமைகளில் நான்தான் வாசிக்கிறேன். உன்னைப்போல வீட்டுக்காரருக்கு இரண்டாம் தரமும் போன் எடுத்து, எந்த மருமகன் விடுபட்டார் என்று கேட்டு ஏச்சும் வாங்குகிறேன். செய்தியில் எங்கே என்ன கொலை என்று வந்தாலும் முதலில் செத்தவர் ஆருடைய பிள்ளை என்றுதான் வாய் கேட்கிறது. வேலையிடத்தில் நோர்வேக்காரிகள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இன்னொன்று. செத்தவீடு கேள்விப்பட்டுவிட்டுப் போகாமல் இருப்பது சரியில்லை என்று மண்டபத்திலேயே ஒரு பேச்சு எழும்பியது. வைகாசியில் பெண்கள் ஒரு வான் நிறையப் போகிறோம், கொத்தன்பேர்க் பக்கம், அந்தச் சுவீடன்காரி பிறந்த ஊருக்கு. துக்கம் விசாரித்துவிட்டு வரும் வழியில் சுவீடன் எல்லையில் மலிவாகக் கோழி வாங்கலாமா கூடாதா என்பதில் இப்போதே இரண்டு கட்சி. வான் ஓட்டுவது பரஞ்சோதி அண்ணை. உங்களுக்கு இடமில்லை, சாரதியை வேறு பார்த்துவிட்டோம் என்று நான் பகிடிக்குச் சொன்னேன். மனிசன் உண்மையாகவே கோபித்துக்கொண்டார்.

"என்ன கதை கதைக்கிறியள் தங்கச்சி," என்றார். "நான் அவளின்ரை புருஷன் எல்லோ."