நாற்பதாம் நாள் வாசலில் எடுத்த படம்

அனுப்புநர்:
யதுல்லா பர்சேகார் (வயது 76),
பேருந்து மெக்கானிக் (ஓய்வு),
கல்தச்சர் தெரு, ரூத்சங், காஷான் வட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தேர்தல் மேற்பார்வைக் குழு, ரூத்சங்.

பொருள்: என் மனைவியின் நாற்பதாம் நாள் துக்கக் கூட்டத்தைத் தேர்தல் கூட்டமாக்கியது, என் படத்தைச் சுவரொட்டியில் போட்டது, அவற்றை அகற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி தூபாவின் நாற்பதாம் நாள் கோர்தாத் 13, திங்கட்கிழமை, எங்கள் தெருப் பள்ளிவாசலில் நடந்தது. அதற்கு முந்தின நாள் பெட்ரோல் பங்க் நாஸர் ஷாஹ்மீரி என் வீட்டுக்கு வந்தார். ஜனாதிபதி வேட்பாளர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் செய்யித் மொகத்தமி அவர்களின் பிரசார அலுவலகத்தை இவ்வூரில் நடத்துபவர் அவர்தான். "செய்யித் இந்தப் பக்கமாத்தான் போறார், மஷ்தி. அஞ்சு நிமிஷம் உக்காந்து ஃபாத்திஹா ஓதிட்டுப் போயிடுவார். செத்தவங்களுக்கு நன்மைதானே, வேணாம்னா சொல்லப் போறீங்க?" என்றார். யாத்திரை போய் வந்த நாளிலிருந்து என்னை ஊரில் மஷ்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வரட்டும் என்றேன். ஒப்புக்கொண்டவன் நான். அதை மறைக்கவில்லை.

2. செய்யித் அவர்கள் மூன்று பேருந்து நிறைய ஆட்களுடன் வந்தார். தூபாவின் பெயர் எழுதிய கறுப்புத் துணியைக் கழற்றி மடித்துச் செருப்பு அடுக்கும் பலகைமேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் செய்யித்தின் படத்தைத் தொங்கவிட்டார்கள். என் மகள் விடிய எழுந்து கிளறிய ஹல்வாவை வெளியூர் ஆட்கள் தின்று தீர்த்தார்கள். ஒருவர் விரல் எண்ணெயைப் பள்ளிவாசல் திரைச்சீலையில் துடைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

3. ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடம் ஆனது. என் மனைவியின் பெயரைச் செய்யித் துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு சொன்னது இது: "நம்ம சகோதரி கடைசி மூச்சுல என்ன சொன்னாங்க தெரியுமா? செய்யித் வந்தாத்தான் இந்த நாடு பொழைக்கும்னு சொன்னாங்க."

ஐயா, பக்கவாதம் வந்த நாளிலிருந்து இறக்கும்வரை ஒன்பது நாட்கள் தூபாவின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணைத்தான் மூடித் திறப்பாள். பெண்கள் பகுதியில் இருந்த என் மகள் மஹீன் திரைக்குப் பின்னாலிருந்து, "அப்பா, அம்மா எப்ப பேசினாங்க?" என்று கேட்டது முன்வரிசை வரைக்கும் கேட்டது.   துக்கக் கூட்டத்தில் வீட்டுக்காரன் சத்தம் போட்டால் அது இறந்தவளுக்குச் செய்யும் அவமரியாதை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இன்னொன்றும் பதிவாக வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே செய்யித் இவ்வூரின் ஜும்ஆ இமாமாக இருந்தார். அப்போது தூபா அதே பள்ளிவாசலின் கீழறையில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அதை மூடச் சொன்னவர் இவர். கரும்பலகையை நானும் அவளும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து அவர் குரல் வானொலியில் வந்தால் தூபா எழுந்து போய் நிறுத்திவிடுவாள்.

4. கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்றேன். துக்க வீட்டுக்காரன் வலது கையை நெஞ்சில் வைத்து, வந்தவர் ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொல்ல வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. முந்நூறு பேருக்குக் குனிந்தேன். செய்யித்துக்கும் குனிந்தேன். நடைபாதையில் குந்தியிருந்த ஒருவர் படம் எடுத்தது அப்போதுதான்.

5. வியாழக்கிழமை அந்தப் படம் சுவரொட்டியாக வந்துவிட்டது. மற்ற முந்நூறு பேரும் வெட்டப்பட்டு, நான் செய்யித்துக்கு முன் குனிந்து நிற்பது மட்டும் இருக்கிறது. கீழே "தூபா அம்மையார் குடும்பத்தின் வாக்குறுதி" என்று எழுதியிருக்கிறது. நானே எண்ணிப் பார்த்தேன், பதினேழு இடங்கள். ரொட்டிக்கடை அஸ்கர் எல்லார் முன்னாலும், "மஷ்தி, செய்யித்துக்கு ஓட்டுப் போட எங்க கையை மட்டும் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. நீங்க குனிஞ்சது போதும், எங்க முதுகு வலிக்குது" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரொட்டி வாங்காமல் வந்துவிட்டேன். 

6. சனிக்கிழமை ஒன்றைக் கிழித்தேன். காவலர் வந்து, "பெரியவரே, தேர்தல் நோட்டீஸைக் கிழிச்சா கேஸ் ஆகும்" என்றார். என் மூஞ்சிதானே என்றேன். "மூஞ்சி உங்களது, நோட்டீஸ் அவங்களது" என்றார். பள்ளிக்கூடம் போகாதவன் நான்; எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் தூபா. ஆனாலும் தேர்தல் சட்டப் புத்தகத்தை வாங்கி இரண்டு நாளில் முழுவதும் படித்தேன். அவர் சொன்னது சரிதான். ஆகவே முறைப்படி தங்களிடம் வருகிறேன்.

யாருக்கு வாக்களிப்பது என்று தங்களிடம் நான் பேச வரவில்லை. செய்யித் ஜெயித்தாலும் தோற்றாலும் என் கோரிக்கை இதுதான்: பிரசாரம் முடியும் வியாழன் காலை எட்டு மணிக்குள் மீதிப் பதினாறு சுவரொட்டிகளையும் அகற்ற வேண்டும். தூபா அப்படி ஒரு சொல் சொல்லவில்லை என்பதை அதே பள்ளிவாசலில், அதே ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். அதை நாஸர் ஷாஹ்மீரியே சொல்ல வேண்டும்.

அதற்குள் நடக்காவிட்டால் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நானே கிழிக்கத் தொடங்குவேன். தங்கள் அலுவலக மதிலில் இருப்பதுதான் முதலாவது. என்னைத் தேடிக் காவலர்கள் ஊரெல்லாம் அலைய வேண்டாம் என்பதற்காக இதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: ரூத்சங்
நாள்: கோர்தாத் 20, திங்கட்கிழமை

இப்படிக்கு,
தூபாவின் கணவன்,
யதுல்லா பர்சேகார்
(கையொப்பம்)