ஏழு கப்சூல் குறைகிறது

3 மார்ச் 2025, மண்டூர்
போன புதன் கிளினிக்கில் என் இழுப்புக்கு அறுபது கப்சூல் தந்தார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குழலில் போட்டு மூச்சோடு இழுக்கிறேன். ஐந்து நாளைக்குப் பத்து. ஐம்பது இருக்க வேண்டும், நாற்பத்துமூன்றுதான் இருக்கிறது. சுருட்டு என் நெஞ்சைத்தான் கெடுத்தது, மூளையை இல்லை.

5 மார்ச்
மறுபடியும் இரண்டு குறைவு. மனைவி சின்னத்தங்கத்திடம் கேட்டேன். "எலி கொண்டு போயிருக்கும்" என்கிறாள், முகத்தைப் பார்க்காமல். எலிக்கும் இழுப்பா?

6 மார்ச்
அவள் தம்பி கந்தப்போடி நெல் மூட்டை கொண்டுவந்தான். இருமினான் — அசல் என் இருமல். போகும்போது அவள் அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிடிபட்டது!

7 மார்ச்
கருவாடாம். நம்புவேனா? அவனிடமே போய்க் கேட்டுவிட்டேன். "உங்கட மருந்து எனக்கு என்னத்துக்கு மச்சான்?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மருந்துப் பெட்டியை அலுமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் உடுத்த சாரத்தில் முடிந்துகொண்டேன். சின்னத்தங்கம் என்னோடு பேசுவதில்லை.

9 மார்ச்
ஒன்றும் குறையவில்லை. நான் சொன்னேனே.

11 மார்ச்
என்ன மனிசன் நான்.
காலையில் உமி அடுப்பில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். கிடாரத்தை இறக்கப் போனவள் அப்படியே குந்திவிட்டாள். உதடு நீலம். என் சாரத்தைப் பிடித்து, "சாவி... சாவி..." என்றாள். முடிச்சு அவிழுதில்ல, கடவுளே, முடிச்சு அவிழுதில்ல —
ஆஸ்பத்திரியில் மூச்சு வந்த பிறகு கேட்டேன், "ஏன்கா சொல்லல்ல?"
"சுருட்டுக் குடிக்காதவளுக்கு இந்த வருத்தம் எண்டா ஆர் நம்புவா? விதுர்ஷாக்குச் சம்பந்தம் பேசுறம். தாய்க்கும் தகப்பனுக்கும் இழுப்பு எண்டா மாப்பிளை வீட்டார் வந்த வழியே கிறுகிப் போயிருவாங்க."
மகளுக்காக என் மருந்தைத் திருடியிருக்கிறாள். நான் எலியையும் மச்சானையும் தேடிக்கொண்டிருந்தேன்.

13 மார்ச்
கிளினிக் டாக்டர் சபீனா எங்கள் இரண்டு பேரையும் குழாயில் ஊதவைத்துப் பார்த்தார். என்னைவிட அவளுக்குத்தான் மோசம். எல்லாம் உமிப் புகை. "நெஞ்சில கலங்கள், அந்தச் சின்னச் சின்ன உயிரணுக்கள், வயசுக்கு முந்திக் கிழடாயிட்டு. அதுகள் சாகாது, வேலையும் செய்யாது, பக்கத்தில இருக்கிறதையும் புண்ணாக்கும். அந்த அழற்சிதான் இந்த இழுப்பு" என்றார். சின்னத்தங்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கிழட்டுக் கலம் நான்தானாம். எனக்கு நல்லா வேண்டும்.

20 மார்ச்
நெல் அவிப்பை நிறுத்தியாயிற்று. கந்தப்போடியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், இருமலைக் காட்ட அவனும் கிளினிக்குக்கு வரச் சம்மதித்தான். இப்போது அவளுக்கும் கிளினிக்கில் தந்த தனிப் பெட்டி. சம்பந்தக்காரர் வந்தபோது அதை ஒளிக்கச் சொன்னாள். நான் இரண்டு பெட்டியையும் அவர்கள் கண்ணில் படும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

22 மார்ச்
பழக்கம் விடாது, எண்ணிப் பார்த்தேன். என் பெட்டியில் இரண்டு கூடியிருக்கிறது. எடுத்ததைத் தன் பங்கிலிருந்து திருப்பித் தருகிறாள்.
இரண்டையும் அவள் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். கேட்டால் எலி என்பேன்.