பன்னிரண்டு வயதுச் சட்டை

இன்று பதுளை பஜாரில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று திரும்பிவிட்டேன். கடைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புள்ளைங்க உடுப்பெல்லாம் மேல் மாடியில இருக்குங்க" என்றாள். என் நரைமுடி அவள் கண்ணுக்குத் தெரியவில்லையா, பாவி?

நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா? "புள்ளைக்கு இல்லம்மா, எனக்குத்தான். எனக்கு நாப்பத்தோரு வயசு" என்று சொல்லியே அவளை அழவைத்திருப்பாய்.

நாலடி உயரத்திலேயே நின்றுபோன நம் இருவருக்கும் பெரியவர்களின் சட்டையைப் போட்டால் தோள் முழங்கைக்கு இறங்கும். சேலை கட்டினால் கொசுவம் பொதிமூட்டையாக முன்னால் நிற்கும். தையல்காரரோ கேட்காமலே இடுப்பில் நாடா வைத்துத் தைத்து, "பாப்பாவுக்கு எடுப்பா இருக்கும்" என்பார். கடைசியில் பன்னிரண்டு வயதுச் சட்டைதான் அளவு. அதிலோ பட்டாம்பூச்சி, ரிப்பன் பூ, மினுமினுப்பு. ஸ்பிரிங்வெளி பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்து பிளேடால் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டே வருவோம். "அரை டிக்கெட் ரெண்டும் ஏறியாச்சா?" என்று கண்டக்டர் கத்துவான். பஸ்ஸே சிரிக்கும். நீயும் சிரிப்பாய். இறங்கிய பிறகு வீடு வரை என்னை விட்டு முன்னால் வேகமாக நடப்பாய்.

ஒருநாள் நீ அதிகாரியாக இருந்த கந்தோருக்கு வந்த ஒருவர், கையெழுத்துப் போட வேண்டிய உன்னிடமே, "பாப்பா, மிஸ் எங்கம்மா?" என்று கேட்டாராம். அன்று மாலைதான் அந்தக் கருநீலச் சட்டையை வாங்கினாய். நெஞ்சிலிருந்த பட்டாம்பூச்சியை நூல் நூலாக எடுத்தாய். ஊசி ஓட்டைகள் மட்டும் அதே வடிவில் நின்றன. ஃபைலால் அதை மறைத்துக்கொண்டு ராணி மாதிரி நடந்தாய். "நான் செத்தாலும் இதத்தான் போட்டு அனுப்பணும், கேட்டியாடி?" என்றாய்.

நான் கேட்டேன். உன் அண்ணி கேட்கவில்லை.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் பெட்டியில் திரும்பி வந்தாய். கல்யாணம் ஆகாதவளுக்கு வெள்ளைதான் போட வேண்டுமாம். உன் அளவில் வெள்ளைக்கு எங்கே போவது? மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கான கவுனை மாட்டிவிட்டார்கள். நெஞ்சில் ஒரு ரிப்பன் பூ, இரண்டு கைகளிலும் ஒவ்வொன்று. உன் அலமாரியிலிருந்து கருநீலச் சட்டையை எடுத்து வந்து நீட்டினேன். "ஓட்டச் சட்டையோடயா ஆண்டவர்கிட்ட அனுப்புறது?" என்றாள் அண்ணி. வந்தவர்கள் எல்லாரும், "சின்னப் புள்ள தூங்குற மாதிரியே இருக்கு" என்று மூக்கைச் சிந்தினார்கள். நீ செத்தது போதாதென்று உன்னைப் பாப்பாவாகவும் ஆக்கிவிட்டார்கள்.

கைப்பையிலிருந்து பிளேடை எடுத்தேன். நெஞ்சிலிருந்த பூவை அறுத்ததுமே அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமா ஒனக்கு?" என்று கத்தினாள். அதற்குள் மூடியை வைத்துவிட்டார்கள்.

அந்த ஒரு பூ இன்னும் என் கைப்பையில் பிளேடோடு கிடக்கிறது. இன்றும் பன்னிரண்டு வயதுச் சட்டைதான் வாங்கினேன். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து அறுத்துக்கொண்டு வந்தேன். நீயோ நாற்பத்தோரு வயதில், கைக்கொரு ரிப்பன் பூவோடு மண்ணுக்குள் கிடக்கிறாய்.