கேட்டில் கழற்றி வைத்த கடிகாரம்

ஏழாயிரம்பண்ணை
ஆவணி 12, வியாழக்கிழமை

அன்பு மகன் முத்துப்பாண்டிக்கு அம்மா வள்ளித்தாய் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் பெண்டாட்டி மாரிச்செல்வி சுகம், பிள்ளை பிரீத்திகாவுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது, மற்றபடி சுகம். வாஷிங் மெஷினும் சுகம். அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, நீ அனுப்பச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. ஷார்ஜாவில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க நம் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

செல்லில் பேசாமல் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். செல்லில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய். பேசி அனுப்பினாலோ அதை வேகமாக ஓட விட்டுக் கேட்கிறாய், என் குரல் கிளி கத்துவது மாதிரி இருக்கிறது என்று நீயேதான் சிரித்துக்கொண்டு சொன்னாய். கடிதத்தை அப்படி ஓட விட முடியாது, ஊடே பேசவும் முடியாது. லீவுக்கு வந்த உன் ரூம்காரன் ஆண்டிச்சாமி நாளை மறுநாள் விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். இன்று காலையிலிருந்தே தூறல், வெடி காயப் போட வெயில் இல்லை என்று பட்டாசுக் கம்பெனி லீவு. அதனால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது, நீ சொன்ன சோம்பலால் அல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கிலிமுத்து லோடு வேனைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்தினான். அண்ணன் போன் போட்டுச் சொன்னார், மெஷினை ஏற்றி ஆலங்குளத்தில் உங்கள் மகள் பாண்டிச்செல்வி வீட்டில் இறக்கணும் என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாரிச்செல்வியைப் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம்தான் நீ முந்தின நாள் அவளுக்குப் பேசி அனுப்பியதைப் போட்டுக் காட்டினாள். மெஷின் வந்ததிலிருந்து வீட்டில் ரெண்டு பேரும் சோம்பேறி ஆயிட்டீக, அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் அடிகூட நடக்கிறதில்லை, இப்படியே போனால் படுத்த படுக்கைதான், கையால் துவைத்தால் உடம்பு தன்னால் நேராகும் என்று அஞ்சு நிமிசத்துக்குப் புத்தி சொல்லியிருந்தாய். சொன்னது நீ, கேட்டவள் அவள். நான் சங்கிலிமுத்துவிடம், உள்ளே துணி ஓடுகிறது, பாதியில் நிறுத்தினால் கெட்டுப்போகும், உட்கார் தம்பி என்று காப்பி போட்டுக் கொடுத்தேன். அந்த ஓட்டம் முடிந்தது. இன்னொரு ஓட்டத்துக்குத் துணியைப் போட்டேன். துணி இல்லாமல் போனதும் கட்டில் விரிப்பை உருவிப் போட்டேன். மூன்றாவது ஓட்டத்தில் அவனுக்கே விளங்கிவிட்டது. "பெரியம்மா, இன்னைக்கு இது முடியாதுல்ல" என்றான். "இன்னைக்கு மட்டுமில்லலே" என்றேன். சிரித்துக்கொண்டே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாண்டிச்செல்விக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள், எனக்கு வேணும்தாம்மா, ஆனா மதினிகிட்டப் பிடுங்கி வேண்டாம் என்றாள். உன் தங்கச்சிக்கு இருக்கிற அறிவைப் பார்த்துக்கொள்.

இந்த ஆயிரம் அடிக் கணக்கு உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொங்கலுக்கு வந்தபோது என் கையில் கறுப்பாக ஒரு கடிகாரம் கட்டிவிட்டாயே, மணி பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் காலை எண்ணி, மாரிச்செல்வி செல் வழியாக உன் செல்லுக்குச் சொல்கிறதாம். நீ அதைப் பார்த்து உன் சித்தப்பா அய்யாதுரையிடம் சொல்லியிருக்கிறாய், அவர் டீக்கடையில் சொல்லிவிட்டார். வழியில் என்னைப் பார்த்து, "மதினி, மெஷின் வந்த பொறவு காலைக் கீழ வைக்கிறதே இல்லையாம்ல" என்கிறார். அவர் வீட்டுக்கும் டீக்கடைக்கும் இடையில் ஒரு முடுக்குச் சந்துதான். அதற்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணித்தான் போவார், வண்டியை விட்டு இறங்காமலே டீயும் குடிப்பார். நான் விடவில்லை. "கொழுந்தனாரே, நீங்க சாப்பிட்ட தட்டை என்னைக்காவது கழுவி இருக்கீகளா, கழுவிட்டு வந்து பேசுங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மனுசன் அதிலிருந்து எதிரில் வந்தால் செல்லைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

ஏலே முத்துப்பாண்டி, நீ இந்த ஊரில் பிறந்தவன்தானே. பட்டாசுக் கம்பெனிக்குள் கடிகாரமும் செல்போனும் போகுமா. காலையில் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் கேட்டில் பெட்டி வைத்திருக்கிறான், பேட்டரி போட்ட சாமான் எதுவானாலும் அதில் போட்டுவிட வேண்டும். அதற்கு அடுத்தது செருப்பு, அதற்கு அடுத்துச் சுவரில் பதித்த செம்புத் தகட்டை, உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் கால் வைக்கலாம். நீ பனிரெண்டு முடித்ததும் டிப்ளமோ படிக்கப் போய் அப்படியே விமானம் ஏறிவிட்டாய், அதனால் மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். உன் கடிகாரம் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை அந்தப் பெட்டிக்குள் இருபது செல்லோடு சேர்ந்து படுத்துக் கிடக்கிறது. சோம்பேறி அது. வீட்டிலிருந்து வேன் வரைக்கும், வேனிலிருந்து வீடு வரைக்கும் நடந்ததைத்தான் நீ பார்த்துவிட்டு எனக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறாய்.

அதோடு விடுவேனா. திங்கட்கிழமை நானே எண்ணினேன். மருந்து செலுத்தி முடித்த வெடிகளைத் தட்டில் அடுக்கி, அறையிலிருந்து காயப் போடும் மேடைக்குத் தூக்கிப் போவதுதான் என் வேலை. போக நூற்றிருபது அடி, வர நூற்றிருபது அடி, மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன், மாறவில்லை. அன்றைக்கு எத்தனை தட்டு என்று போர்மேனிடம் கேட்டேன், ஐம்பத்தெட்டு என்றார், அவர் எழுதி வைத்திருப்பார். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தினாலும் பெருக்கல் அதற்கு முன்பே படித்துவிட்டேன். அறுபது தட்டுக்குப் போட்டு, இரண்டு தட்டைக் கழித்தேன். பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது அடி. தலைக்கு மேல் வெயில், கையில் தட்டு, தட்டில் வெடி, ஓடக் கூடாது, கால் தடுக்கக் கூடாது, தட்டு ஆடக் கூடாது. அப்படி நடந்த நடை இது. சாப்பிடப் போனது, தண்ணீர் குடிக்கப் போனது, வெளிக்குப் போனது எதையும் இதில் சேர்க்கவில்லை. உனக்குச் சந்தேகம் என்றால் பிரீத்திகா கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், காகிதத்தின் பின்பக்கம் பார்.

இனி மெஷினுக்கு வருகிறேன். மாரிச்செல்வி மருந்து செலுத்தும் அறையில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். நாலு பேர் அறை. சாயங்காலம் அவள் வந்து இறங்கினால் காது மடலில்கூட மருந்தில் கலக்கிற வெள்ளிப் பொடி மின்னும். அந்தச் சேலையைத் தனி வாளியில் ஊற வைத்து அலசிய பிறகுதான் மற்ற துணியோடு சேர்க்க வேண்டும். மெஷின் வருவதற்கு முன்னால் ஆறு மணிக்குக் கல்லடியில் உட்கார்ந்தால் ஏழரை ஆகும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவாள். துவைத்தால் உடம்பு நேராகும் என்கிறாய். முப்பத்தெட்டு வருசம் நான் துவைத்தேன், என் இடுப்பு நேராகவா இருக்கிறது. அந்தக் கல்லை நினைத்து நான் ஒரு நாளும் ஏங்கியது இல்லை. யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் நானும் ஒரு கை பிடிப்பேன்.

இப்போது அந்த ஒன்றரை மணி நேரத்தில் உன் பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்று நீ கேட்கவே இல்லை. சேலையை அலசி மெஷினில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். போர்மேன் பரீட்சைக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். செப்டம்பர் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் பரீட்சை. எங்கள் கம்பெனியில் பொம்பளை யாரும் இதுவரை எழுதியதில்லை. மேனேஜரிடம் இவளே போய் நின்று, நானும் பனிரெண்டு முடித்தவள்தான் சார் என்று கேட்டுப் பேரை எழுத வைத்தாள். பாஸ் ஆனால் மருந்து அறையை விட்டு வெளியே வந்துவிடுவாள். கையால் மருந்து அள்ள வேண்டாம், அள்ளுகிறவர்களைக் கவனித்துச் சொல்கிற வேலை. எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று பிரீத்திகா நோட்டைப் பிடித்துக் கேள்வி கேட்பாள், இவள் பதில் சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். பாஸ் ஆன பிறகு அவரிடம் நானே சொல்கிறேன் அத்தை, தோற்றுவிட்டால் சிரிப்பார் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. நான் இப்போது சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மெஷினைத் தூக்கச் சொன்ன அன்று ராத்திரி அவள் நோட்டையெல்லாம் கட்டிப் பரணில் வைத்துவிட்டாள், அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. மறுநாள் வேனை அனுப்பிவிட்டு நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கீழே இறக்கினேன். ஸ்டூலில் ஏறினதுகூட உன் கடிகாரத்தில் வந்திருக்கும்.

எந்திரம் வந்தால் மனுசன் சோம்பேறி ஆகிறான் என்று நீ எங்கோ வீடியோவில் பார்த்திருப்பாய். சில பேர் ஆகிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன், உன் சித்தப்பாவையே சொன்னேனே. பிரீத்திகாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செல்லோடு சுருண்டு படுத்தாள். அதற்குச் செல்லைத்தான் தூக்கி அலமாரி மேல் வைத்தேன், வாஷிங் மெஷினை வைக்கவில்லை. இப்போது தெருவில் கயிறு தாண்டுகிறாள், பல் விழுந்ததே அதில்தான். என்னையும் கேட்டால் ஒரு இடத்தில் சோம்பல் வந்தது உண்மை. செல் வந்த பிறகு எழுதுவதை விட்டுவிட்டேன், இந்தக் கடிதத்தில் முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே கை கடுத்துவிட்டது, ழகரத்துக்கு வால் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உன் சோம்பல் எது என்று நான் சொல்லட்டுமா. முன்பெல்லாம் போன் போட்டால், அம்மா சாப்பிட்டியா, இன்னைக்கு என்ன வேலை, கால் வலிக்குதா என்று கேட்பாய். கடிகாரம் வந்ததிலிருந்து கேட்பது நின்றுவிட்டது. நம்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாய், தப்பாகத் தெரிந்துகொள்கிறாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கேட்டில் கழற்றி வைக்கிறேன் என்று சொல்லியிருப்பேன், சங்கிலிமுத்துவுக்கு டீசல் மிச்சம்.

உனக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று ஆண்டிச்சாமி சொன்னான். நீ எங்களிடம் சொல்லவில்லை. பயந்துவிட்டாய் என்று எனக்கு விளங்குகிறது, அந்தப் பயத்தில்தான் வீட்டில் உள்ளவர்களையெல்லாம் நடக்க வைக்கப் பார்க்கிறாய். நாள் முழுக்க பார்க்லிப்ட் வண்டியில் உட்கார்ந்து பெட்டியைத் தூக்கி இறக்குகிறவன் நீ, ரூமுக்கு வந்தால் செல்லில் அமுக்கிப் புரோட்டா வரவழைக்கிறவனும் நீதானாம். நடக்க வேண்டியது நீ. வண்டி வேலையை விடச் சொல்லவில்லை, பெட்டியை முதுகில் சுமக்கவும் சொல்லவில்லை. ரூம் மூன்றாவது மாடி என்றாயே, லிப்டில் போகாமல் படியில் ஏறு. கடைக்கு நீயே நடந்து போய் வாங்கிச் சமை. கம்பும் குதிரைவாலியும் ஆண்டிச்சாமியிடம் கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் கறிவேப்பிலைப் பொடியும் இருக்கிறது. மாத்திரையை நேரம் தவறாமல் போடு. அந்தப் பயத்தை இனிமேல் மறைக்காதே, அதைத் திட்டாக மாற்றி எங்களுக்கு அனுப்பவும் செய்யாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்விக்குப் போன் போடு. என்னிடம் அல்ல, அவளிடம். பரீட்சை பற்றிக் கேள். அவள் படித்ததில் ஏதாவது ஒன்றை உனக்குச் சொல்லச் சொல்லிக் கேள், குறுக்கே பேசாதே. பதினான்காம் தேதி பிரீத்திகாவை நான் பார்த்துக்கொள்வேன், மெஷினையும் நான் பார்த்துக்கொள்வேன். நீ நல்லா இருப்பாய், நூறு வயசுக்குக் காலோடும் கையோடும் இருப்பாய், அம்மன் துணை.

கடிகாரத்தைத் திருப்பி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அனுப்பவில்லை, கையிலேயே கட்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள். காலையில் எட்டு மணியிலிருந்து நம்பர் ஏறாமல் நின்றால் அம்மா சோம்பிக் கிடக்கிறாள் என்று நினைக்காதே, அம்மாவும் மாரிச்செல்வியும் உள்ளே வேலையில் இருக்கிறார்கள் என்று நினை. சாயங்காலம் ஐந்தரைக்குப் பார். நம்பர் மறுபடி ஏறத் தொடங்கினால் நாங்கள் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டோம் என்று அர்த்தம். எத்தனை அடி என்று பார்க்காதே, ஏறுகிறதா என்று மட்டும் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
வள்ளித்தாய்