டப்பாவில் நின்ற தண்ணீர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, படியேறினால் முழங்கால் மட்டும் முனகுகிறது. உன் அக்கா பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான், வீட்டில் யாருக்கும் செருப்பு ஜோடியாகக் கிடைப்பதில்லை. மனசுதான் சரியில்லை. போன வாரம் நீ போனில், "பேப்பர்ல உன் போட்டோ பாத்தேம்மா, ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன், பெருமையா இருக்கு" என்றாயே, அப்போது குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை கண்ணா. உன் குரலைக் கேட்டுக்கொண்டு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உழாமல் விதைப்பது, தண்ணீரை மிச்சம் பிடிப்பது பற்றி இந்த வட்டாரத்துக்கே பெரிய மாநாடு நடந்தது உனக்குத் தெரியும். அதன் முதல் நாள், வந்தவர்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றி உன் சித்தியின் நிலத்தைப் பார்க்க அழைத்து வந்தார்கள். சித்தப்பா லாரியோடு போய்விடுவதால் அந்த நிலத்தை அவள்தானே தனியாகப் பார்க்கிறாள். சில வருஷமாக அவள் உழுவதே இல்லை. மக்காச்சோளத்தை அறுத்துவிட்டுத் தாளையும் சருகையும் அப்படியே கிடக்க விட்டு, இடையில் கீறி அடுத்த விதையைப் போட்டுவிடுவாள். நான் அதைப் பார்த்து என்னென்ன பேசினேன் என்பது உனக்கே தெரியும். கூட்டாத வீடு மாதிரி இருக்கிறது, உடம்பு வணங்காதவள் செய்கிற வேலை என்று டிராக்டர்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கிணறு இரண்டு பேருக்கும் பொது. அவள் தன் முறையில் பாதியிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு, "எனக்குப் போதும்க்கா, நீங்க பாச்சிக்கங்க" என்பாள். நானும் என்னவோ எனக்குச் சேர வேண்டியது மாதிரி பாய்ச்சிக்கொள்வேன். அப்படியும் என் பயிர்தான் முதலில் வாடும்.

வந்தவர்களில் மண் பரிசோதனைக்காரர் ஒருவர், இரண்டு பக்கமும் வெட்டிய தகர டப்பாவை அவள் மண்ணில் அழுத்தி வைத்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். அவர் பேசி முடிக்கும் முன் தண்ணீர் உள்ளே போய்விட்டது. பிறகு வரப்பைத் தாண்டி வந்து, யார் நிலம் என்று கேட்காமலே என் மண்ணில் டப்பாவை வைத்தார். ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள், அது இறங்குகிற வழியாகக் காணோம். யாரோ ஒருவர், "இதுல கை கழுவிக்கலாம் போலிருக்கே" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போது உன் சித்தி, "சிரிக்காதீங்க. ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்னுதான் அக்கா அவங்க நிலத்தை உழுது வச்சிருக்காங்க. அது இல்லன்னா நான் உங்களுக்கு எதைக் காட்டுறது" என்றாள். சிரித்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நிலம் விட்டவள் என்று மறுநாள் மண்டபத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்கு என்ன வந்ததோ, ஒன்றை உழுது ஒன்றை உழாமல் விட்டுப் பார்க்கிற இந்த யோசனையே என்னுடையது என்பது போலப் பேசினேன். வேறு ஊரிலிருந்து வந்த ஒரு விவசாயப் பெண் எழுந்து, "யாருங்க முதல்ல ஆரம்பிச்சது, ரெண்டு பேரும் எப்படிப் பேசி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள். குடும்பத்தில் மூத்தவள் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்றேன், என் ஓர்ப்படி எனக்கு ஒத்தாசையாக நின்றாள் என்றேன். மண்டபம் சிரித்துக் கை தட்டியது. நீ பார்த்த போட்டோ அப்போது எடுத்ததுதான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உன் சித்தி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனதை மேடையிலிருந்தே பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசி முடித்துத்தான் இறங்கினேன்.

நீ போன் பண்ணிய அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், உட்காரச் சொன்னாள், ஆனால் மடிப்பதை நிறுத்தவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. "நம்ம வீட்டு ஆளைப் பாத்து நாலு பேர் சிரிக்கறது எனக்குப் பொறுக்கலக்கா, அதனால சொன்னேன். நீங்க திட்டினப்பகூட நான் இவ்வளவு வருத்தப்படல. ஒத்தாசைக்கு நின்னேன்னு சொன்னீங்க பாருங்க, நான் பட்ட பாட்டை எல்லாம் ஒரு வார்த்தையில உங்களோடதா ஆக்கிட்டீங்க" என்றாள். வீட்டுக்கு வந்து மாநாடு நடத்திய அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். "அதனால என்னம்மா, குடும்பத்துக்குள்ளதானே" என்று சிரித்தார். சிரிக்கிற விஷயம் இல்லை சார், அறிக்கையில் அவள் பெயரைப் போடுங்கள், நான் சொன்னது பொய் என்றும் போடுங்கள் என்றேன். கடைசியில் மாற்றிவிடுகிறேன் என்றார். நேற்று அவள் பெயரோடு அறிக்கை வந்தது. நான் பொய் சொன்னது அதில் இல்லை, என் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அதனால் உனக்காவது நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இந்தப் போகம் நானும் உழவில்லை. எப்படிக் கீறுவது, எவ்வளவு ஆழம் என்று ஒன்றும் தெரியாது, அவளிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அவள் பாதியில் மோட்டாரை நிறுத்துவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை, இப்போதெல்லாம் அந்தச் சத்தம் அடங்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. நீ அவளுக்கு ஒரு போன் போடு. என் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது என் வேலை. நிலத்தைப் பற்றிக் கேள், வேறு எதுவும் வேண்டாம். நான் ஒருநாளும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

ஆபீஸில் காட்டியவர்களிடம் என்ன சொல்வாயோ, உன் இஷ்டம், உண்மையைச் சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ நூறு வருஷம் நல்லபடியாக இரு, என்னைவிட நேர்மையாக இரு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, பல் வலியைத் தள்ளிப் போடாதே.

பெருமைப்பட்டாயே என்று தலை குனிந்து எழுதும்,
உன் அம்மா