பெருமாளுக்கு எட்டரைக்குத்தான் பசிக்கும்

20-11-74, புதன்

இன்று எழுபத்தைந்து கிலோவைத் தோளில் ஏற்றி நின்றபோது கண் இருட்டிவிட்டது. இரும்புப் பாரைக் கீழே போட்டுவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். எடைதூக்கச் சொல்லித்தருகிற ஏசுதாஸ் மாஸ்டர் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, "காலையில என்ன சாப்பிட்ட?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "தினமுமா?" தினமும்தான். "உனக்கென்ன பைத்தியமா?"

பைத்தியம் எனக்கில்லை. எங்கள் வீட்டுக்கு.

நாலரைக்கு எழுந்து, குளித்து, ஈரவேட்டியோடு கிணற்றில் இறைத்து, கோயில் மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டி, ஆறு மணிக்குள் பெருமாளுக்குப் பொங்கல் தளிகை செய்து மூடி வைப்பது நான். ஆறரைக்கு மாஸ்டரின் ஷெட். எட்டு மணிக்கு அவர் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு அணுமின் நிலைய வேலையிடத்துக்கு வெல்டிங் செய்யப் போய்விடுவார், திரும்ப இருட்டிவிடும். எட்டரைக்கு அப்பா மணியடித்துப் பெருமாளை அமுது செய்விப்பார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் யார் வாயிலும் ஒரு பருக்கை படலாம். காபிகூடக் கிடையாது. பட்டாச்சாரியார் குடும்பமாம். நான் செய்த பொங்கல் இரண்டரை மணி நேரம் மூடியபடி சும்மா உட்கார்ந்திருக்கும். அதைச் செய்தவன் வெறும் வயிற்றோடு இரும்பு தூக்கிக்கொண்டிருப்பான்.

மாஸ்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தொலைந்துவிடக் கூடாதென்று இங்கேயே ஒட்டிவிட்டேன்:

"தூக்க ஒன்றரை மணி முன்பு – சோறோ இட்லியோ, முக்கால் வயிறு. முடிந்து அரை மணிக்குள் – பால், வாழைப்பழம், ஊறிய கடலை. வெறும் வயிற்றில் வருகிறவன் என் ஷெட்டுக்கு வர வேண்டாம்."

கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு.

21-11-74

இந்த நோட்டைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைக்கிறேன். அப்பா பஞ்சாங்கத்தை எடுப்பாரே தவிர, அதற்கு அடியில் இருப்பதைக் கையால் தொடுகிறவர் இல்லை.

27-11-74, புதன்

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் இரண்டு பிடி பழையது, அப்பாவுக்குத் தெரியாமல்.

"பழையது தின்ன வாயோட தளிகைக்குப் போவியா? இதைக் கேக்கறதுக்கே நாக்கு கூசலையா நோக்கு?"

கூசவில்லை. பசிக்கிறவனுக்கு எது கூசும்?

ராத்திரி இரண்டு பங்கு சாப்பிட்டுப் பார்த்தேன். காலையில் வயிறு கல்லாக இருந்ததே தவிர கையில் தெம்பில்லை. ராத்திரிச் சாப்பாட்டை நம்பிப் பயனில்லை என்று மாஸ்டரும் சொல்லிவிட்டார்.

1-12-74, ஞாயிறு

நீலமேகம் இன்று எண்பத்தைந்தை ஏதோ குடையை விரிப்பதுபோலத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டிச் சிரித்தான். குப்பத்துக்காரன். என் எடைதான், என் வயதுதான். போட்டியிலும் எனக்கு எதிரே நிற்கப்போகிறவன்.

"இன்னா அய்யரே, மூஞ்சி தொங்கிகினு கீது? துன்ட்டு வர்லியா?"

ஐயங்கார் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. அவனுக்கு நான் அய்யர்தான்.

"நீ எத்தனை மணிக்குச் சாப்பிடறே?"

"கரை ஏறுனதும்தான். அஞ்சு, அஞ்சரை. ரெண்டு தட்டு சோறு, நேத்து வச்ச மீன் கொழம்பு. அப்பால செத்த படுத்துட்டு ஏழு மணிக்கு இங்க. உங்க சாமிக்கு இன்னா, சாவகாசமா எட்டரைக்குத் துன்னும்."

மாஸ்டரின் சீட்டைப் படிக்காமலே அதன்படி நடக்கிறான். அவனுக்குக் கடல் நேரம் வைத்துக் கொடுத்திருக்கிறது. எனக்கு மட்டும் இப்படி.

செங்கற்பட்டில் ஜில்லா போட்டி பிப்ரவரி 23. அறுபது கிலோ பிரிவில் முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். எனக்கு அது வேண்டும். வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. இருபத்து மூன்று வயதாகிறது. பொங்கல் நான் செய்கிறேன், பெயர் பெருமாளுக்கு. சாதம் நான் வடிக்கிறேன், பெயர் அப்பாவுக்கு. தலைக்கு மேல் போகிற இரும்பு ஒன்றுதான் என் கணக்கு.

16-12-74, திங்கள்

மார்கழி ஒன்று. மூன்று மணிக்கே தளிகை. ஐந்துக்கு நைவேத்தியம். ஐந்தேகாலுக்குத் தொன்னையில் பொங்கல், ஆவி பறக்க. ஏழு மணிக்கு ஷெட்.

எண்பது கிலோ. கண் இருட்டவில்லை.

28-12-74

எண்பத்தேழரை. "சாப்பாடு உள்ளே போகுது, தெரியுது" என்றார் மாஸ்டர். நீலமேகம் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

13-1-75, திங்கள்

போகி. தொண்ணூற்றிரண்டரை. நீலமேகம் தொண்ணூறில் நிற்கிறான். இருபத்தொன்பது நாளில் பதினேழரை கிலோ. என் உடம்பில் கோளாறில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

நாளை மறுநாளிலிருந்து பழையபடி எட்டரை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

20-1-75, திங்கள்

எண்பத்தைந்தே ஏறவில்லை. ஒரே வாரத்தில்.

அப்பாவிடம் கேட்டேவிட்டேன். சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார்.

"மார்கழியில அஞ்சு மணிக்கு அமுது செய்யற பெருமாள், தையில மட்டும் ஏம்ப்பா எட்டரை வரைக்கும் காத்துண்டிருக்கணும்?"

"மார்கழி தேவாளுக்கு விடியற்காலம். அது முறை."

"ஒரு மாசம் மட்டும்தான் சீக்கிரம் பசிக்குமா? பாக்கிப் பதினோரு மாசம் பசிக்காதா?"

"யாருக்குப் பசிக்கறதுன்னு கேக்கறே? அவருக்கா, உனக்கா?"

எனக்குத்தான். எனக்குத்தான் பசிக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்; அவர் மறுபடி கல்லில் கட்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். "உன் வயித்துக்காக முறை வைக்கலை" என்றார், தலையைத் தூக்காமலே. பெரிய முறை. அந்தச் சந்தனக்கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும்போல இருந்தது. ஒரு கையால் தூக்குவேன்.

29-1-75, புதன்

தின்றுவிட்டேன்.

தளிகை முடிந்து, பாத்திரத்தை மூடப்போன கை நின்றுவிட்டது. நைவேத்தியத்துக்கு முன் வாசனை மூக்கில் ஏறக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு சமைக்கிறவன் நான். இன்று மூச்சை விட்டேன். மிளகு, நெய். பிறகு ஒரு பிடி. பிறகு இன்னொன்று. மேலே கரண்டியால் சமப்படுத்தி மூடினேன். எட்டரைக்கு அப்பா அதைத்தான் கண்டருளப் பண்ணினார். திரை போட்டார், மணி அடித்தார். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. எண்பத்தேழரை ஏறிற்று.

ஒன்றும் ஆகவில்லை என்பதுகூட ஏன் இப்படி எரிச்சலூட்டுகிறது?

2-2-75, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதும் நல்லதுதான். தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது, செங்கற்பட்டுக்கெல்லாம் போக வேண்டாம் என்று அப்பா ஆரம்பித்தார். மாசி மகத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியாம், உத்சவ வேலை இருக்கிறதாம். "குப்பத்துப் பசங்களோட இரும்பைத் தூக்கி என்ன ஆகப்போறது?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "உங்க பெருமாள் என் எச்சிலைத்தான் சாப்பிட்டார். நன்னாத்தான் சாப்பிட்டார்" என்று கத்தினேன்.

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "என்னிக்கு?" என்றார்.

"புதன்கிழமை."

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

3-2-75, திங்கள்

பிராயச்சித்தம். பெருமாளுக்கு நூற்றெட்டுக் குடம் திருமஞ்சனம். கிணற்றிலிருந்து சன்னதிக்கு நாற்பது அடி. அப்பாவே இறைத்து, அப்பாவே தோளில் சுமந்தார். ஐம்பத்தெட்டு வயது. இடது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கையை நீட்டினேன். "தொடாதே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

நான் எண்ணிக்கொண்டு நின்றேன். எழுபதாவது குடத்தில் கால் நடுங்கியது. குடத்தை இறக்கவில்லை. தொண்ணூறு கிலோ தூக்குகிறவன் பனைமரம்போல நின்று பார்க்க வேண்டியதாயிற்று. அவர் மேல் கோபமா, என் மேலா? இரண்டும்தான். வெறும் வயிற்றில் தூக்கக் கூடாது என்று மாஸ்டர் சொல்கிறாரே, இவரிடம் வந்து சொல்லட்டும்.

4-2-75

மடைப்பள்ளிச் சாவி அப்பாவின் இடுப்பில்.

9-2-75, ஞாயிறு

இனி எனக்குத் தளிகை இல்லை. யாருக்கும் பயப்பட வேண்டாம். ஐந்தரைக்கு நேராகச் சதுரங்கப்பட்டினம் பஸ் நிற்கிற இடத்து இட்லிக் கடைக்குப் போய், தைரியமாக நான்கு இட்லி கேட்டேன். முதல் இட்லியை வாயில் வைத்தேன். இறங்கவில்லை. தண்ணீர் விட்டுத் தள்ளினேன். இரண்டாவதை மென்றுகொண்டே இருந்தேன். ஷெட்டில் முதல் தூக்கிலேயே அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

"இன்னா மச்சான், இட்லிய போயி எறக்க முடியல உன்னால" என்று முதுகைத் தடவிக் கொடுத்தான் நீலமேகம். அய்யரே என்று சொல்லவில்லை. அதுவே கேவலமாக இருந்தது.

இருபத்து மூன்று வருஷப் பழக்கம். கோயில் மணி கேட்காமல் தொண்டை திறக்காதாம். அப்பா வெளியே மட்டும் இல்லை, எனக்குள்ளேயும் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். என்ன அநியாயம் இது.

15-2-75

மறுபடி முயன்றேன். வாழைப்பழம். அதுவும் அப்படியே.

22-2-75, சனி

நாளை போட்டி. எட்டு மணிக்கு எடை பார்க்கிறார்கள், பத்துக்குத் தூக்க வேண்டும். முதல் பஸ் ஐந்தே முக்கால். இங்கே எட்டரைக்கு மணியடிக்கும்போது நான் செங்கற்பட்டில் வெறும் வயிற்றோடு நின்றுகொண்டிருப்பேன். நிற்கிறேன். கண் இருட்டினால் இருட்டட்டும்.

மூன்று வாரமாக அப்பா பேசவில்லை. அம்மா விடாமல் பிடுங்கியதால் போய்ச் சொன்னேன். பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு முதல் பஸ்ஸுக்குப் போறேன்" என்று அவர் முதுகிடம் சொன்னேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

23-2-75, ஞாயிறு, மாலை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கோயில் மணிச் சத்தத்தில்தான் விழித்தேன். எட்டரை ஆகிவிட்டது, பஸ் போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று எழுந்து, ஏன் எழுப்பவில்லை என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா வாசலைக் காட்டினாள். வெளியே கும்மிருட்டு. மணி நாலே முக்கால்.

கோயிலுக்கு ஓடினேன். விளக்கெல்லாம் ஏற்றியிருந்தது. அப்பா திரையை விலக்கிக்கொண்டிருந்தார். பொங்கல் பாத்திரத்தில் ஆவி. எத்தனை மணிக்கு எழுந்து அந்தக் காலோடு தண்ணீர் இறைத்தாரோ. துளசி கொண்டுவருகிற தனகோடி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"இன்னா சாமி இது, மார்கழி முடிஞ்சி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே. நான் இன்னும் மொகங்கூடக் கழுவல."

"பெருமாளுக்கு இன்னிக்குச் சீக்கிரம் பசிச்சுடுத்து" என்றார் அப்பா.

பிறகு ஒரு தூக்கில் பொங்கலை வைத்து, மூடியை இறுக்கி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "இங்கே சாப்பிடாதே. எடை பார்த்தப்புறம், எட்டரைக்கு. ஒன்றரை மணி முன்னாடி. முக்கால் வயிறு."

வாங்கிக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. முக்கால் வயிறு. அது மாஸ்டரின் சீட்டில் இருக்கிறது. சீட்டு இந்த நோட்டில் இருக்கிறது. அப்படியானால் சந்தனக்கல்லைக் கிணற்றில் போடுவதையும் படித்திருக்கிறார். எழுபதாவது குடத்தையும். முதலில் கோபம்தான் வந்தது, யாரைக் கேட்டு எடுத்தார் என்று. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வெட்கம் வந்தது. தூக்கு மடியில் சுட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் நீலமேகம். "உங்க மணி இன்னிக்கு நாலே முக்காலுக்கே அட்ச்சிது. எங்கம்மா, நேரம் ஆய்ப்போச்சினு என்னைத் தட்டி எழுப்பி வுட்ருச்சி. சாமிக்கு இன்னா, ஊருக்குப் போவுதா?"

"ஆமாம். செங்கற்பட்டுக்கு" என்றேன்.

எட்டரைக்குப் பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் தூக்கைத் திறந்தேன். இறங்கியது. ஒவ்வொரு வாயும் இறங்கியது. நீலமேகத்துக்கும் கொடுத்தேன், நெய் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே தின்றான்.

தொண்ணூற்றைந்து ஏறிற்று. இதுவரை ஏறாதது. இரண்டு வகைத் தூக்கும் சேர்ந்த மொத்தத்தில் நீலமேகம் ஐந்து கிலோ அதிகம். அவன் முதல், நான் இரண்டாவது. இரண்டு பேரும் மாநிலப் போட்டிக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "தூக்கை அலம்பி வை" என்றார்.

26-2-75, புதன்

நேற்று மகம் நல்லபடி நடந்தது. பெருமாளைக் கடற்கரைக்கு எழுந்தருளப் பண்ணினோம். பல்லக்கின் முன்தண்டில் நீலமேகம், பின்தண்டில் நான்.

இன்று காலை நாலரைக்குப் பார்த்தால் மடைப்பள்ளிச் சாவி இந்த நோட்டின் மேல் இருந்தது. தளிகை செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். நைவேத்தியம் பழையபடி எட்டரைக்கு. ஷெட்டில் எண்பதைத் தாண்டவில்லை. பசி கொன்றுவிட்டது. கோபமும் வந்தது, வராமலா இருக்கும்.

பஞ்சாங்கத்துக்கு அடியில்தான் வைக்கிறேன். படிக்கிறவருக்கு: மாநிலப் போட்டி மதராஸில், ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே வந்து தங்கச் சொல்கிறார்கள், நான் தங்கப்போவதில்லை. மாஸ்டர் வேன் பேசியிருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறது.